சும்மா கிடக்கும் கணினியை அறிவியல் ஆய்வுக்குக் கொடுப்பது எப்படி?

மீகணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) என்றதும் குளிரூட்டிய கூடத்தில் வரிசையாக நிற்கும் இயந்திரங்கள்தான் நினைவுக்கு வரும். இன்னொரு வகையும் உண்டு. உலகெங்கும் சும்மா கிடக்கும் கணினிகளை இணையத்தால் கோத்து, ஒரு பெரிய கணக்கைப் பங்குபோட்டுச் செய்ய வைப்பது. 2010-ல் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு கணினியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒரு கணினியும் போர்ட்டோ ரிகோ தீவிலிருந்த அரெசிபோ வானொலித் தொலைநோக்கியின் பதிவுகளை அலசியதில், நொடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும் பல்சர் (சுழன்றபடி துடிப்பு துடிப்பாக வானொலி அலை வீசும் இறந்த விண்மீன்) ஒன்று சிக்கியது. அந்த ‘ஐன்ஸ்டீன் அட் ஹோம்’ திட்டத்தில் நீங்களும் சேரலாம்.

படி 1: இத்தகைய திட்டங்களின் வேலையை வாங்கி உங்கள் கணினியில் ஓட்டுவது, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான ‘பாயின்க்’ (BOINC) என்ற இலவச மென்பொருள். அதை அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்கி நிறுவுங்கள். அலுவலகக் கணினியோ கல்லூரிக் கணினியோ என்றால், அனுமதி வாங்காமல் தொடவே வேண்டாம்.

படி 2: ‘ஆட் ப்ராஜெக்ட்’ அழுத்தி, பட்டியலில் ஐன்ஸ்டீன் அட் ஹோமைத் தேர்ந்தெடுத்து, மின்னஞ்சல் கொடுத்துக் கணக்கு தொடங்குங்கள். முதலில் ஒரு திட்டம் போதும்.

படி 3: இங்கேதான் நிதானம் வேண்டும். அமைப்புகளைப் பார்க்காமல் ஓடவிட்டால் மடிக்கணினி சுடும், விசிறி இரையும், இரண்டே நாளில் வெறுத்துப்போய் நீக்கிவிடுவீர்கள். ‘ஆப்ஷன்ஸ்’ பட்டியில் ‘கம்ப்யூட்டிங் ப்ரிஃபரன்சஸ்’ திறந்து, செயலியின் கோர்களில் (தனித்தனியே கணக்கிடும் அதன் பகுதிகளில்) பாதியை மட்டும் கொடுங்கள். பழைய இயந்திரம் என்றால் கால்வாசி போதும் என்பேன். பேட்டரியில் ஓடும்போதும், நீங்கள் வேலை செய்யும்போதும் கணக்கு நிற்கும்படி குறியிடுங்கள். மின்சாரச் செலவு கொஞ்சம் கூடும். அதையும் யோசித்துக்கொண்டே இறங்குங்கள்.

படி 4: ‘அட்வான்ஸ்ட் வியூ’வுக்கு மாறி ‘டாஸ்க்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கெடு இருக்கும். நடுவில் கணினியை அணைத்தாலும் கவலையில்லை, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரும்.

முடித்த வேலைக்குத் திட்டம் தரும் புள்ளி இன்னும் ஏறவில்லையே என்று பலர் குழம்புவார்கள். பெரும்பாலும் அதே வேலை, முகம் தெரியாத இன்னொருவரின் கணினிக்கும் போயிருக்கும். இரண்டு விடைகளும் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். யாருடையதென்றே தெரியாத இயந்திரங்களின் விடையை விஞ்ஞானிகள் நம்ப முடிவது இந்த ஏற்பாட்டால்தான். எனக்கு இதில் மிகப் பிடித்ததும் இதுவே.

ஆகவே, விலக நினைத்தால் சட்டென்று மென்பொருளை அழித்துவிடாதீர்கள். உங்கள் விடைக்காக மறுமுனையில் ஒருவர் காத்திருப்பார். ‘நோ நியூ டாஸ்க்ஸ்’ அழுத்தி, கையிலிருப்பதை முடித்து அனுப்பிய பிறகு நீக்குங்கள். முடிக்க நேரமில்லையா? வேலையைக் கைவிடும் ‘அபார்ட்’ (Abort) அழுத்துங்கள். கெடு தீரும்வரை தேங்காமல், அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும்.