கை தெரிந்தும் வாய் பேசினால்: சைகை மொழி கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காது கேளாதவர் அறையில் இருக்கும்போது, சைகை கற்கும் இருவர் தங்களுக்குள் வாயால் பேசிக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. "அவரிடம் பேசவில்லையே, எங்களுக்குள்தானே?" என்பார்கள். காது கேட்கும் ஒருவர் அங்கே இருந்தால் அந்தப் பேச்சு அவர் காதில் தானாக விழுந்திருக்கும். தேர்வுத் தேதி, யாருக்கு உடம்பு சரியில்லை, என்ன கிண்டல் என்பதெல்லாம் பாதி இப்படித்தான் நமக்குத் தெரியவருகிறது. காது கேளாதவருக்கு அந்த வாய்ப்பு கண் வழியாக மட்டுமே. சைகை அறியாதவர் வாயால் பேசினால் பொறுத்துக்கொள்ளலாம். அறிந்தவர் பேசினால் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது போல.

ஆகவே இடைவேளையிலும் நடைபாதையிலும்கூட, அவர் கண்ணுக்கு எட்டும் இடமெல்லாம் கையிலேயே பேசுங்கள். சைகை நினைவுக்கு வராவிட்டால் விரலெழுத்து (சொல்லை எழுத்தெழுத்தாக விரலால் காட்டுவது), சுட்டிக்காட்டல், எழுதிக்காட்டல் இருக்கின்றன. தொலைபேசி வந்தால், "அழைப்பு, பேசிவிட்டு வருகிறேன்" என்று சைகையில் சொல்லிவிட்டு வெளியே போங்கள். எல்லாரும் சிரிக்கும்போது அவர் "என்ன?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை", "அப்புறம் சொல்கிறேன்" என்ற இரண்டும் கூடாது. முழுதாகச் சொல்லுங்கள். மொக்கையா இல்லையா என்று அவரே முடிவு செய்யட்டும்.

வாயும் கையும் ஒன்றாக ஓடினால் இரு தரப்புக்கும் புரியும் என்பது அடுத்த தப்புக்கணக்கு. சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. பேச்சு அதைத் தன் சொல்வரிசைக்கு இழுத்துவிடும். பல சைகை மொழிகளில் ஆம், இல்லை என்று பதில் கேட்கும் கேள்விக்குப் புருவத்தை உயர்த்துவதே கேள்விக்குறி. வாய் ஓடும்போது புருவம் மறந்துபோகும், கேள்வி வெறும் கூற்றாகிவிடும். பேசியவர் காதில் வாக்கியம் முழுதாக விழுவதால், கையில் எது விடுபட்டது என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

உதட்டைப் படித்துக்கொள்வார் என்று விட்டுவிடவும் முடியாது. கண்ணாடி முன் நின்று 'பாடு', 'மாடு' என்று சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசையும். 'க' உள்ளே பிறக்கும் ஒலி, உதட்டில் தெரிவதே இல்லை. 1880-இல் இத்தாலியின் மிலானில் நடந்த காது கேளாதோர் கல்வி மாநாடு, கல்வியில் சைகையைத் தள்ளி வாய்ப்பேச்சை முன்னிறுத்தியது. அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவிக்க 2010-இல் கனடாவின் வான்கூவரில் நடந்த காது கேளாதோர் கல்வி மாநாடு வரை ஆனது. வாயால் பேசச் சொல்வது காது கேளாதவர்களை ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சின்னச் சின்னப் பிழைகளும் உண்டு. கவனத்தைத் திருப்ப, தோளை மெதுவாகத் தட்டலாம், கையசைக்கலாம், விளக்கை ஓரிரு முறை அணைத்துப் போடலாம். முகவாயைப் பிடித்துத் திருப்பக் கூடாது, கையைப் பிடித்து நிறுத்தவும் கூடாது (அது வாயைப் பொத்துவதற்குச் சமம்). அவர் சைகை செய்யும்போது கண்ணை விலக்குவது காதைப் பொத்திக்கொள்வது மாதிரி. சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும். இருவர் சைகையில் பேசும்போது குறுக்கே போக வேண்டியிருந்தால் சட்டென்று போய்விடுங்கள். நின்று மன்னிப்புக் கேட்டால்தான் பேச்சு அறுபடும். புரியாமல் தலையாட்டாதீர்கள், "மறுபடி" என்று கேளுங்கள்.

சில மாத வகுப்பை நம்பி மருத்துவமனையிலோ காவல் நிலையத்திலோ மொழிபெயர்க்க முன்வருவது ஆபத்து. தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்களே நீண்ட நிகழ்வுகளில் இருவராக வந்து, சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்கிறார்கள். களைத்தால் பிழை பெருகும். மருந்தின் அளவு மாறிப்போனால் விலை கொடுப்பவர் நோயாளி. "நான் மாணவர்தான், தேர்ந்தவரை வரவழையுங்கள்" என்று இரு தரப்புக்கும் சொல்லிவிடுங்கள்.

தூரத்தில் யாரோ சைகையில் பேசுவது புரிகிறதா? பயிற்சி என்று உற்றுப் பார்த்தால் அது ஒட்டுக்கேட்பது. பார்வையைத் திருப்புங்கள், அல்லது உங்களுக்குச் சைகை தெரியும் என்று கைகாட்டிவிடுங்கள்.