பழைய காரின் அடிப்பகுதியில் துரு: பரிசோதனைக்குப் பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் தனியார் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. பெயர் மாற்றத்தின்போதோ, சாலை வரி பல ஆண்டுகள் புதுப்பிக்கப்படாமல் கிடந்த வண்டியை மீண்டும் சாலைக்குக் கொண்டுவரும்போதோதான் பெரும்பாலும், பினாங்கிலுள்ள ஒரு மோரிஸ் மைனரோ ஃபோக்ஸ்வேகன் பீட்டலோ, புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையத்தின் பரிசோதகரின் கண்ணுக்கு அடிப்பகுதியைக் காட்டுகிறது. அதனால் நீண்டகாலம் மெல்ல மெல்லப் பரவிய துரு, உரிமையாளருக்கு ஒரே நாளில் தெரியவருகிறது. அந்தப் பதற்றத்தில் எடுக்கப்படும் அவசர முடிவுகள், துருவைவிட அதிகமாகக் காரைக் கெடுத்துவிடுகின்றன.

அவற்றுள் மிகக் கொடியது மூடி மறைப்பது. ஓட்டையில் புட்டி எனப்படும் நிரப்புப் பசையைத் திணித்து, ஃபைபர் கிளாஸ் ஒட்டி, அதன்மேல் அண்டர்கோட் எனப்படும் கறுப்பு அடிப்பூச்சை அடித்துவிட்டால் மறுபரிசோதனையில் தப்பிவிடலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். புட்டிக்கு எடையைத் தாங்கும் வலு இல்லை. அண்டர்கோட்டோ ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்து, காற்று படும் இடத்தைவிட வேகமாகத் தகட்டை அரிக்க வைக்கிறது. பழைய காரின் அடியில் அந்தக் கறுப்புப் பூச்சு மட்டும் பளபளவென்று இருந்தால், அனுபவமுள்ள பரிசோதகர் முதலில் தட்டிப் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான். மறுபரிசோதனையில் தப்பினாலும், அந்தக் காரில் குடும்பத்தோடு பயணம் செய்யப்போவது உரிமையாளர்தான்.

எல்லாத் துருவையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடுவது அடுத்த தவறு. மட்கார்ட் ஓரத்தில் தெரியும் ஓட்டை அழகைக் கெடுக்கும். ஆனால் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், இருக்கைப் பட்டை ஆகியவை பொருத்தப்பட்ட இடங்களுக்கு அருகிலுள்ள சிறு ஓட்டை உயிருக்கே ஆபத்தாகலாம். பிரிட்டனின் எம்ஓடி எனும் வாகனத் தகுதிப் பரிசோதனையில், இத்தகைய பொருத்திடங்களிலிருந்து 30 செண்டிமீட்டருக்குள் உள்ள கடுமையான துருவைத் தனியாகக் கவனிக்கிறார்கள். அது இந்நாட்டுச் சட்டம் அன்று என்றாலும், எதை முதலில் சரிசெய்வது என்று முடிவெடுக்க உரிமையாளருக்கு அது நல்ல அளவுகோல். பரிசோதகர் குறித்துக் கொடுத்த இடத்தோடு நின்றுவிடாமல், காரைத் தூக்கி நிறுத்தி, சுத்தியலால் தட்டியும் மழுங்கிய ஸ்குரூடிரைவரால் அழுத்தியும் சுற்றுப்புறம் முழுவதையும் பார்க்க வேண்டும். கெட்டித் தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகட்டின் ஓசை மந்தமாக இருக்கும்.

நம் ஊரில் துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் வருகிறது. கடல் காற்றும் ஈரப்பதமும் போதாதென்று, பிற்காலத்தில் பொருத்தப்பட்ட ஏர்கோண்டின் நீர்க்குழாய் அடைத்துக்கொண்டு, முன்பக்கக் கம்பளத்துக்கு அடியில் மாதக்கணக்கில் நீர் சொட்டும். 2017 நவம்பரில் பினாங்கைப் புரட்டிப்போட்ட வெள்ளம் போன்ற ஒன்றில் மூழ்கி எழுந்த வண்டியில், கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சில் எனப்படும் உட்கூடான பகுதிக்குள் சேறு தங்கிவிடும். இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் தகட்டை மட்டும் மாற்றினால், புதுத் தகடும் அதே வழியில் போகும்.

பற்றவைப்பில் நடக்கும் தவறுகளை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரித்த தகட்டை வெட்டி எடுக்காமல் அதன்மேல் புதுத் தகட்டை வைத்துப் பற்றவைப்பது, சொத்தையைச் சுத்தம் செய்யாமல் பல்லுக்குத் தங்க மூடி போடுவதைப் போன்றது. கெட்டித் தகடு கிடைக்கும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும்; ஓட்டை கையகலம் பெரிதானால் மனம் தளர வேண்டியதில்லை. புதுத் தகடு பழையதைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது. ஒட்டுத் தகட்டின் ஓரம் முழுவதும் இடைவெளியின்றிப் பற்றவைக்கப்பட வேண்டும். உற்பத்தியின்போதே புள்ளி வெல்டிங் செய்யப்பட்ட இடங்களில் மட்டும் அதே முறையைப் பின்பற்றலாம். எடை தாங்கும் பாகங்களில் ரிவெட்டும் பசையும் வெல்டிங்குக்கு மாற்றாகா.

மோரிஸ் மைனரைப் போலத் தனிச் சேசிஸ் இல்லாமல் உடற்கூடே எடையைத் தாங்கும் கார்களில், இரு பக்கச் சில்களையும் ஒரே நேரத்தில் வெட்டி எடுத்தால் கூடு வளைந்துவிடும். பிறகு கதவு மூடாது. ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். வெட்டத் தொடங்கும் முன்பே கதவு வாயில்களில் இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, கூடு அசையாதபடி தாங்கல் கொடுக்க வேண்டும். கூரையைத் திறக்கக்கூடிய மாதிரிகளில் இதைத் தவிர்க்கவே கூடாது. பீட்டலில் சில்லாகவும் பணிபுரிவது வெப்பக் காற்றுக் குழல்தான். ஹீட்டர் இங்கே யாருக்கும் தேவையில்லை என்பதால் அந்தக் குழல் அரித்துப்போனாலும் கவலையில்லை என்று எண்ணுவோர் உண்டு. உடற்கூட்டின் விறைப்பு அதை நம்பியிருப்பதால், அதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். மினியின் பின்பக்கச் சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃபிரேம் என்ற துணைச் சட்டமோ போல்ட்டுகளால் பொருத்தப்பட்டது. அதிகம் அரித்திருந்தால் ஒட்டுப்போடாமல் முழுவதுமாக மாற்றிவிடுவதே மேல்.

பற்றவைப்பதற்கு முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, வெல்டிங் நடக்கும் இடத்துக்கு அருகிலுள்ள பெட்ரோல் தொட்டியையும் கம்பளங்களையும் வெளியே எடுத்துவிட வேண்டும். காலித் தொட்டியில் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை தவறானது. உள்ளே தங்கிய பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும்.

சேசிஸ் எண் பொறிக்கப்பட்ட இடத்தைத் தேய்ப்பதும் வெட்டுவதும் மற்றொரு பெருந்தவறு. வெவ்வேறு வண்டிகளின் பாகங்களை வெட்டி ஒட்டி உருவாக்கிய கார்கள் குறித்து இந்நாட்டில் கடும் கண்காணிப்பு இருப்பதால், எண் சிதைந்த வண்டி, உரிமையாளர் நேர்மையானவராகவே இருந்தாலும், சந்தேகத்துக்கு உள்ளாகும். அந்த எண் துருவில் மங்கியிருந்தால், கருவியை எடுக்கும் முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் விவரத்தைச் சொல்லி வழி கேட்பதுதான் முறை. வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும், குறிப்பாகப் புதுத் தகடு மூடப்படுவதற்கு முன் உட்புறத்தையும், படமெடுத்து வைப்பது பிற்காலத்தில் காரை விற்கும்போதும் கைகொடுக்கும்.

பற்றவைப்பு முடிந்ததும் மேலே பெயிண்ட் அடித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வெல்டிங் சூட்டில் உட்புறப் பூச்சு எரிந்துபோயிருக்கும். அங்கே கண்ணும் தூரிகையும் எட்டாது. ஆகவே துத்தநாகம் கலந்த பிரைமரும் இணைப்புகளில் சீலரும் இட்டு, நன்றாகக் காயவிட்டு, நீண்ட குழாய் கொண்டு மெழுகுத் தெளிப்பை உட்கூட்டுக்குள் செலுத்த வேண்டும். அதற்குப் பின் சில்களின் அடியிலும் கதவுகளின் அடியிலும் உள்ள வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்து, தண்ணீர் ஊற்றி, அது தடையின்றி வடிகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை மறுபரிசோதனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.