ஆம்பூர்த் தோலும் ஒப்பீட்டு நன்மையும்: கணக்கு எங்கே தப்புகிறது?

பொருளாதாரம் படிக்கிற வேலூர்ப் பிள்ளைகள் பலர் ப்ராஜெக்டுக்குத் தோல் தொழிலைத்தான் எடுக்கிறார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் பக்கத்திலேயே இருக்கும்போது வேறென்ன எடுப்பார்கள்? ஆனால் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது: "எத்தியோப்பியாவைவிட நாம் எல்லாவற்றையும் வேகமாகச் செய்கிறோம், அதனால் அவர்களிடம் வாங்க ஒன்றுமில்லை."

வேகத்தைப் பார்த்துப் பயனில்லை. ஒன்றைச் செய்ய எதைக் கைவிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஆம்பூரில் ஓர் ஆள் ஒரு நாளில் 8 தோல் பதனிடலாம், அல்லது 4 ஜோடி ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கலாம். எத்தியோப்பியாவில் 4 தோல் அல்லது 1 ஜோடி. இரண்டிலும் நாமே முன்னால். ஆனால் ஒரு தோலுக்காக நாம் இழப்பது அரை ஜோடி அப்பர், அவர்கள் இழப்பதோ கால் ஜோடி. அப்போது தோலை அங்கே வாங்கி, நம் ஆளைத் தையல் மெஷினில் உட்கார வைத்தால் இருவருக்கும் லாபம். 1817-ல் பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ துணியையும் ஒயினையும் வைத்துச் சொன்னது இதைத்தான்; இதுதான் ஒப்பீட்டு நன்மை.

சரி, இந்தக் கணக்கு அப்படியே நிற்குமா? நிற்காது. ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, அரைப் பதத்திலேயே தோலைக் கப்பலேற்றிய வட்டாரம் இது. 1972-ல் சீதாராமையா குழு பரிந்துரைத்த பிறகு அரைப் பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு வரம்பு கட்டியது. மெல்ல மெல்ல ஷூ வந்தது. எத்தியோப்பியாவும் 2008-ல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 150 சதவீத வரி போட்டது. விதி மாறினால் கணக்கும் மாறும். அதனால் எந்த வருடத்துக் கணக்கு என்பதை அட்டவணையின் தலையிலேயே எழுதுங்கள்.

அப்புறம், ஒப்பீட்டு நன்மையை ஏற்றுமதிப் புள்ளிவிவரத்திலிருந்து அளக்க 1965-ல் வந்த பலாசா குறியீடு. நம் ஏற்றுமதியில் தோலின் பங்கை, உலக ஏற்றுமதியில் தோலின் பங்கால் வகுப்பது. எண் ஏறியதும் "பலம் கூடிவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். நம் பெட்ரோலியப் பொருள் ஏற்றுமதி சரிந்தாலே, ஒரு ஜோடிகூட அதிகம் விற்காமல் அது ஏறும்.

எனக்கு மனம் பொறுக்காதது, தோல் கழிவால் கெட்ட பாலாற்றை விட்டுவிட்டுப் போடும் கணக்கு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் நம் தோல் பட்டறைகள் தொடர்பான வழக்கிலும் சொன்னது. தோல் ஒன்றுக்கு ஆகும் செலவில், கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் உப்பேறிய கிணறுகளுக்கும் தனிப் பத்தி போடுங்கள். எத்தியோப்பியா பக்கத்துக் கணக்கிலும் அதே பத்தி வேண்டும்.