திரையின் மஞ்சளும் அச்சின் மஞ்சளும்

கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறேன். இங்கே மஞ்சளும் குங்குமச் சிவப்பும் பிசகினால் பெண் வீட்டார் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்கூட. மானிட்டரில் பளிச்சென்று தெரிந்த எலுமிச்சை மஞ்சள், அச்சகத்திலிருந்து செம்மஞ்சளாக, இருண்டு வந்தது. மையின் மீது பழி போடுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளைத் திரையருகே பிடித்துப் பார்த்தேன். திரையின் வெள்ளை நீலம் பாய்ந்திருந்தது.

மெனுவில் வண்ண வெப்பநிலை 9300 கெல்வின் (இந்த எண் கூடக் கூட வெள்ளை நீலம் பாயும்), வெளிச்சம் 100 என்று இருந்தது. நீலம் ஏறிய திரையில் செம்மஞ்சளும் எலுமிச்சையாகத் தெரியும். வெளிச்சம் மிஞ்சினால் இருண்ட படமும் பளபளக்கும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மானிட்டரை அரை மணி நேரம் எரியவிட்டேன். பிறகு தஞ்சாவூர் நண்பரிடம் இரவல் வாங்கிய கலரிமீட்டரை, அதாவது நிறம் அளக்கும் கருவியை, மானிட்டர்மேல் தொங்கவிட்டு, 6500 கெல்வின், காமா (இடைப்பட்ட நிறங்களின் வெளிச்ச அளவு) 2.2, திரை வெளிச்சம் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா என இலக்கு வைத்தேன். கருவி வண்ணம் வண்ணமாக அளந்து, முடிவில் மென்பொருள் ஐசிசி புரொஃபைல் ஒன்றை, அதாவது திரை நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்று சொல்லும் கோப்பை, சேமித்தது.

அச்சகத்தின் சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை) புரொஃபைலை வாங்கி, அச்சில் எப்படி வரும் என்று ஃபோட்டோஷாப்பில் முன்னோட்டமும் பார்க்கிறேன். பாதி வேலை இதில்தான் இருக்கிறது. அடுத்த பத்திரிகையில் மஞ்சள் மஞ்சளாகவே வந்தது. பளீரென்ற சில காவி நிறங்கள் மட்டும் நான்கு மையில் பிடிபடாது. அவற்றுக்குத் தனி மை கேட்டுவிடுகிறேன்.