32 நொடியில் அழைப்பு அறுந்தால்

அலுவலக இணைய ஃபோனில் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டாலோ, எடுத்துப் பேசி சரியாக 32 நொடியில் அழைப்பு அறுந்தாலோ, புது ஃபோன் வாங்க ஓடாதீர்கள். ரூட்டரில் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ (SIP ALG) என்ற, இணைய அழைப்புக்கு உதவுவதற்கான வசதியை அணைத்துவிட்டு, ரூட்டரையும் ஃபோனையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

அது இயங்கினால், அழைப்பை இணைக்கும் செய்திக்குள் இருக்கும், அலுவலகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஐபி முகவரியை, உதவுகிறேன் பேர்வழி என்று ரூட்டர் திருத்துகிறது. பல ரூட்டர்கள் தப்பாகத் திருத்தும். எடுத்ததற்கான ஒப்புதல் வந்து சேராமல், எதிர்முனை 32 நொடி காத்திருந்து துண்டித்துவிடும். முகவரிச் சிக்கலை இப்போது பெரும்பாலும் சேவை தருபவரின் சர்வரே பார்த்துக்கொள்கிறது.

அந்தச் செய்தி டிஎல்எஸ் (TLS) என்ற மறையாக்கத்தில் போனால் ரூட்டரால் அதைப் படிக்கவே முடியாது, அணைத்தும் பயனில்லை. குரல் விட்டுவிட்டுக் கேட்பது வேறு கதை: ஜி.711 என்ற குரல் குறிமுறையில் அழைப்பு ஒன்றுக்குப் போகவர நொடிக்குச் சுமார் 87 கிலோபிட் வீதம் வேண்டும், அப்லோடு வேகத்தைப் பாருங்கள்.