பூனைக்கு சென்ட் அடிக்கிறவர்கள் கவனத்துக்கு

கீழக்கரைப் பக்கம் துபாய், சவூதியிலிருந்து ஆள் வந்தால் பெட்டியில் சென்ட் இல்லாமல் இருக்காது, அதில் கொஞ்சம் வீட்டுப் பூனைக்கும் போய்விடும். நாய், பூனை குளிப்பாட்டும் வேலைக்குப் புதிதாக வருகிற பையன்களும் முடித்ததும் 'ஒரு அடி' அடித்துத்தான் அனுப்புகிறார்கள். கண்ணில் படக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

தோலில் பட்டது தோலோடு நின்றுவிடும் என்ற நினைப்பு

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். சென்டில் கடைசிவரை நிற்கிற வாசம் பெரும்பாலும் செயற்கைக் கஸ்தூரி. கேலக்சோலைட், டோனலைட் வகையறா. தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். எலித் தோலில் பூசிப் பார்த்த சோதனைகளில், உள்ளே இறங்கியதில் பெரும்பங்கு பித்தத்தோடு கலந்து மலத்தில்தான் வெளியேறியது. ஆனால் அங்கே பூசிய இடத்தைக் கட்டி மூடிவிடுவார்கள், எலி நக்க முடியாது. வீட்டில் யார் மூடுகிறார்கள்? பூனை மேலுக்கு அடித்தது வயிற்றுக்குப் போகிறது. அப்புறம் அதன் கல்லீரல்: சென்டில் இருக்கக்கூடிய பீனால் வகை ரசாயனங்களைக் குளுகுரோனிக் அமிலத்தோடு சேர்த்து நீரில் கரையவைத்து வெளியே தள்ளும் வேலை பூனைக்கு ரொம்பப் பலவீனம். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது பூனைக்குச் செல்லாது.

ஒரு லாத்தா வெள்ளைப் பூனையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். வாயில் நுரை, நெஞ்சு முடி முழுக்க எச்சிலில் ஒட்டிப்போய்க் கிடந்தது. "நல்ல சென்டுதான் தம்பி, வாசம் போயிருச்சுன்னு திரும்ப அடிச்சேன்" என்கிறார். வாசம் எங்கே போச்சு? பூனை நக்கித் தீர்த்திருக்கிறது, இவர் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். டாக்டர், ஊசி, டிரிப் என்று அந்த சென்ட் பாட்டிலைவிட அதிகம் செலவானது.

ஒரே குடத்தில் அலசுவது

தண்ணீரை விலைக்கு வாங்குகிற ஊர், புரிகிறது. அப்படியென்றால் ஷாம்பூவைக் குறையுங்கள், அலசுவதைக் குறைக்காதீர்கள். ஈரமாகவே கிடக்கிற தோல் கூடுதலாக உறிஞ்சும், அடி முடியில் ஷாம்பூ தங்கினால் நாள் முழுக்கத் தோலுக்குள் இறங்கும்.

அலமாரியில் கிடக்கும் பழைய பாட்டில்

வேண்டாம். பழைய சென்டில் இருக்கக்கூடிய மஸ்க் ஆம்ப்ரெட் என்ற செயற்கைக் கஸ்தூரி எலிகளின் நரம்பைக் கெடுத்தது, ஐரோப்பாவில் அழகுப் பொருட்களில் 1995-இல் அதைத் தடை செய்துவிட்டார்கள்.

ஆட்டுக்குட்டிக்கு வாசனை சோப்பு

தாய் ஆடு குட்டியை மோந்துதான் சேர்க்கும். வாசம் மாறினால் முட்டித் தள்ளும், அப்புறம் புட்டிப்பால்தான்.

சென்டைத் துடைக்க ஸ்பிரிட், மண்ணெண்ணெய்

கூடவே கூடாது. வாசனையில்லாத சோப்பு, நிறைய தண்ணீர், நக்காமலிருக்கக் காயும்வரை கழுத்தில் அட்டை வளையம். எச்சில் வடிந்தால் வளையத்தோடேயே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.