மலையில் வீடு வைத்திருக்கிறீர்களா? பழைய புலப்படத்தைத் தேடி எடுங்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீடு வைத்திருப்பவர்களில் பலர் பத்திரமும் பட்டாவும் பீரோவில் இருந்தால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். பக்கத்துத் தேயிலைத் தோட்டக்காரர் வேலி போட வரும்போதோ, ஐப்பசி மழையில் பின்பக்கத் தடுப்புச் சுவர் வயிறு தள்ளும்போதோதான் இந்த இடம் முதலில் எப்படி இருந்தது என்று தேட ஆரம்பிப்போம். பட்டாவில் அது கிடைக்காது, இன்றைக்கு யார் பெயரில் எவ்வளவு பரப்பு இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் புலப்படமும் (மனையின் எல்லையும் அளவும் வரைந்த படம், எஃப்எம்பி) அ-பதிவேடும் (கிராமத்தின் நிலங்களைச் சர்வே எண் வாரியாக எழுதிய பதிவேடு) வரும், இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். உதகை, குன்னூர் நகராட்சிக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேடு. ஹட்டிக்குள் (படுகர் ஊருக்குள்) இருக்கும் வீட்டு மனை பெரும்பாலும் நத்தமாக, அதாவது ஊர்க் குடியிருப்பு நிலமாக இருக்கும், அதற்குத் தனிக் கணக்கு. அ-பதிவேட்டில் பழைய புல எண் என்று ஒரு கட்டம் இருக்கும், யாரும் கவனிப்பதில்லை, ஆனால் பின்னால் போவதற்கான கதவே அதுதான். உங்கள் மனை 214/2பி3 என்று வைத்துக்கொள்வோம். அது 214/2பி-யிலிருந்து பிரிந்திருக்கும், அது 214/2-லிருந்து. ஒவ்வொரு உட்பிரிவிலும் அளவு எப்படிப் பங்கானது என்று பார்த்துக்கொண்டே மேலே போக வேண்டும்.

ஆன்லைனில் இருப்பது கடைசி நிலை மட்டுமே. 1980-களில் நடந்த யுடிஆர் என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்பில் பெயரும் பரப்பும் மாறிப்போன மனைகள் ஏராளம், அதனால் அதற்கு முந்தைய செட்டில்மென்ட் (நில வரித் தீர்வை) பதிவேட்டின் நகலையும் பழைய புலப்படத்தின் நகலையும் கேட்டுத் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். அங்கே இல்லை என்றால் கலெக்டர் அலுவலக ஆவண அறை. வாய்மொழியாக "இல்லைங்க" என்று அனுப்பினால் 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். கூடவே வில்லங்கச் சான்று. 1975-க்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்ல வேண்டியிருக்கும்.

பழைய படங்களில் அளவு லிங்க்ஸில் இருக்கலாம். 66 அடிச் சங்கிலிக்கு 100 லிங்க், அதாவது ஒரு லிங்க் 7.92 அங்குலம். பட்டாவில் பரப்பு ஏர்ஸில் இருக்கும், ஒரு ஏர் 2.47 சென்ட். இதையெல்லாம் விட மலையில் ஏமாற்றுவது சரிவுதான். புலப்படத்தில் இருப்பது கிடைமட்ட அளவு. 30 டிகிரி சரிவில் தரையோடு டேப் பிடித்து 100 அடி என்றால் படத்தில் அது 86.6 அடிதான். நானும் டேப்பும் கையுமாக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அளந்துவிட்டு, பக்கத்து வீட்டு அண்ணனிடம் இடம் உங்கள் பக்கம் வந்துவிட்டது என்று சண்டைக்குப் போயிருக்கிறேன். தப்பு என் மேல்தான்.

மண் விஷயத்துக்கு வருவோம். தமிழ் மண்வளம் தளத்தில் சர்வே எண் போட்டால் வருவது பயிருக்கான சத்துக் கணக்கு, அஸ்திவாரத்துக்கு அது உதவாது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் நிலச்சரிவு அபாய வரைபடம் இருக்கிறது, ஆனால் அது 1:50,000 அளவில், உங்கள் வீடு அதில் ஒரு புள்ளிகூட இல்லை. அதனால் மறுபடியும் பழைய புலப்படத்துக்கே வாருங்கள்: ஓடை என்று கோடு போட்டிருக்கும் இடத்தில் இப்போது சமதளமாக முற்றம் இருந்தால், யாரோ மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நிரப்பின மண் மழையில் இறங்கும். சந்தேகம் இருந்தால் மேலே எதையும் கட்டுவதற்கு முன் அங்கே குழி தோண்டி, எத்தனை அடியில் கெட்டி மண் வருகிறது என்று பொறியாளரை வைத்துப் பாருங்கள்.

எல்லாம் கையில் வந்த பிறகு எஃப் லைன் மனுப் (எல்லையை அளந்து காட்டக் கேட்கும் மனு) போட்டு சர்வேயரை அழையுங்கள். அவர் வருவதற்கு முதல் நாளே உண்ணிச்செடியை வெட்டி மூலைக் கல்லைத் தேடி வையுங்கள், பக்கத்துக்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.